உங்களுக்குத் தெரியுமா? மன்னார்க் கடலும் மூட்டை கட்டி வந்த தம்பதிகளும்!

பேரப்பிள்ளைகளைக் கொஞ்சிக்கொண்டு வீட்டோடு இருக்க வேண்டிய வயது. ஆனால் புருஷனும் பெண்சாதியுமாகப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, பெயர்கூடச் சரியாகச் சொல்ல வராத ஒரு நாட்டுக்கு ஊழியம் செய்யக் கிளம்பிவிடுகிறார்கள். யார் இவர்கள் என்கிறீர்களா? அமெரிக்காவில் பிறந்த மார்மன் சபையின் மூத்த தம்பதிகள்! சம்பளம் எவ்வளவு தெரியுமா? பூஜ்யம்!

சம்பளம் இல்லாதது மட்டுமில்லை. வீட்டு வாடகை, சாப்பாடு பெரும்பாலும் அவர்களுடைய கைக்காசு!

இந்த மாதிரி ஆட்களைப் பார்த்து அமெரிக்காக்காரர்கள் வேண்டுமானால் ஆச்சரியப்படட்டும். மன்னார்க் கடல் ஆச்சரியப்படாது. கடல் தாண்டி ஊழியத்துக்கு வருகிறவர்களை அது 480 வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது!

இலங்கையில் மொத்தம் 25 மாவட்டங்கள். மக்களில் பாதிக்கு மேல் கத்தோலிக்கராக இருப்பது ஒன்றே ஒன்றில்தான். கொழும்பு இல்லை, நீர்கொழும்பு இருக்கும் கம்பஹாவும் இல்லை. மன்னார்!

தொடங்கிய வருஷம் 1544. எதிர்க்கரையில் முத்துக்குளிக்கும் பரவர் ஊர்களில் பிரான்சிஸ் சவேரியார் சுற்றிக்கொண்டிருந்தார். “எங்கள் ஊருக்கும் வாருங்கள்” என்று மன்னாரிலிருந்து ஆள் வந்தது. சவேரியாரால் வர முடியவில்லை. பதிலுக்கு ஒரு குருவானவரை அனுப்பினார். ஊரே ஞானஸ்நானம் பெற்றது. சேதி யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனுக்குப் போனது. படை வந்தது. வெட்டுண்டவர்கள் 600 முதல் 700 பேர்!

அவர்கள்தான் மன்னார் வேதசாட்சிகள். தோட்டவெளி ஆலயம் அவர்கள் நினைவாகவே நிற்கிறது. இலங்கைக் கிறிஸ்தவ வரலாற்றின் முதல் பக்கங்களில் ஒன்றை எழுதியது கோட்டை கொத்தளம் உள்ள பட்டணம் இல்லை. ஒரு மீன்பிடிக் கிராமம்!

சவேரியார் எழுதிய கடிதம் ஒன்றைப் படித்தால் மூச்சு முட்டும். திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் அவர் ஞானஸ்நானம் கொடுத்தது 10,000 பேருக்கு மேல்!

மன்னாருக்கு நேர் எதிரே, ராமநாதபுரம் கரையில் வேதாளை. 1549-ல் அங்கே கொல்லப்பட்டார் அந்தோனியோ கிரிமினாலி. சேசு சபையின் முதல் வேதசாட்சி அவர்தான். இத்தாலிக்காரர். விழுந்த இடம் தமிழ் மணல்!

1560-ல் போர்ச்சுக்கீசியர் மன்னாரைப் பிடித்தார்கள். கோட்டை எழும்பியது. 1658-ல் ஒல்லாந்தர் கைக்குப் போனது. 1795-ல் ஆங்கிலேயர். ஒரே கோட்டை, மூன்று கொடி! சுவர் இன்றும் அங்கேயே இருக்கிறது.

தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகங்களைத் தந்தவர் ஹென்றிக் ஹென்றிக்கஸ் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அவர் மன்னாரிலும் இருந்தார் என்று யாராவது சொன்னார்களா? 1561-ல் அவர் எழுதிய கடிதம் புறப்பட்ட இடம் மன்னார்தான்!

அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபர் 20-ல் கொல்லத்தில் அச்சானது. பக்கங்கள் எத்தனை? வெறும் 16! இந்திய மொழி ஒன்றில், அதன் சொந்த எழுத்தில், இந்திய மண்ணில் அச்சான முதல் புத்தகம் இந்தப் பொடியன்தான். அதன் பிரதி இன்று இருக்கும் இடம் அமெரிக்காவின் ஹார்வர்டு!

ஹென்றிக்கஸ் வந்தது 1546-ல். இறந்தது 1600-ல், புன்னைக்காயலில். 50 வருஷத்துக்கு மேல் அவருடைய ஊழியம் இந்தக் கடற்கரையில்தான்!

ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கக் குருமார் இலங்கைக்குள் கால்வைக்கத் தடை. என்ன செய்தார் கோவாக்காரர் ஜோசப் வாஸ்? கூலிக்காரன் வேஷம் போட்டார். 1687-ல் உள்ளே நுழைந்தார். 1711-ல் கண்டியில் கண்மூடும்வரை 24 வருஷம். ஒரு தடவைகூட ஊர் திரும்பவில்லை!

அந்தக் ‘கூலிக்காரரை’ 2015 ஜனவரி 14 காலையில் கொழும்பில் புனிதராக அறிவித்தார் பாப்பரசர் பிரான்சிஸ். அன்று பிற்பகலே ஹெலிகாப்டரில் ஏறினார். இறங்கிய இடம் எது தெரியுமா? மன்னார் மாவட்டத்து மடு!

மடு மாதா சுரூபத்தின் சொந்த ஊர் மடு இல்லை! மாந்தை. ஒல்லாந்தர் நெருக்கடி தாங்காமல் 1670-ல் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு 20 குடும்பங்கள் காட்டுக்குள் ஓடியதாக வழிவழியாகச் சொல்கிறார்கள். யானை நடமாடும் அந்தக் காட்டில்தான் இன்று ஆடித் திருவிழாவுக்கும் ஆவணித் திருவிழாவுக்கும் லட்சக்கணக்கில் சனம்!

மடு மண்ணைக் கொஞ்சம் முடிந்து வீட்டில் வைத்தால் பாம்பு அண்டாது என்பது அங்கே போகிறவர்களின் நம்பிக்கை. கத்தோலிக்கர் மட்டும் இல்லை, சைவர்களும் பௌத்தர்களும் முடிந்துகொண்டுதான் போகிறார்கள்!

2008 ஏப்ரலில் போர் மடுவை நெருங்கியது. மாதா மறுபடி பயணம் புறப்பட்டார். இம்முறை தேவன்பிட்டிக்கு. அதே ஆகஸ்டில் திரும்பி வந்துவிட்டார்!

யாக்கோமே கொன்சால்வெஸ். கொங்கணி பேசும் கோவாக் குருவானவர். 1705-ல் இலங்கையில் அவர் கால்வைத்த இடம் தலைமன்னார். தமிழும் படித்தார், சிங்களமும் படித்தார். இரண்டு மொழியிலும் புத்தகம் புத்தகமாக எழுதித் தள்ளினார். அவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் இன்னும் படிக்கப்படுகிறது. மூன்று நூற்றாண்டுக்கு முன் எழுதிய தமிழ், இன்னும் ஆட்களை அழவைக்கிறது!

பேசாலையில் இயேசுவின் பாடுகளைக் காட்ட நடிகர்கள் மட்டும் போதாது. ‘உடக்கு’ என்று சொல்லும் பொம்மைகளை அசைத்து நடத்துவதுதான் அந்த ஊர் மரபு. பெயர் உடக்குப் பாஸ்!

மாதோட்டத்து நாட்டுக்கூத்தின் நாயகர்களில் ஒருவர் எண்டிரீக் எம்பரதோர். ஆம், ஓர் ஐரோப்பியச் சக்கரவர்த்தி! மன்னார் அண்ணாவிமாரின் தாளத்துக்கு ஆட்டம் ஆடியிருக்கிறார்!

சரி, தம்பதிகளுக்கு வருவோம். இனிமேல்தான் விஷயமே இருக்கிறது!

1819 ஜூன் 8. பாஸ்டன் துறைமுகம். ‘இண்டஸ்’ என்ற கப்பலில் ஏறியவர்களில் நான்கு தம்பதிகள். வின்ஸ்லோ, ஸ்போல்டிங், உட்வர்டு, ஸ்கடர். நான்கு ஜோடிக்கும் இலக்கு ஒன்றுதான். யாழ்ப்பாணத்துக் கிராமங்கள்!

அந்த நாலில் ஒரு ஜோடியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். லெவி ஸ்போல்டிங், மேரி ஸ்போல்டிங். 1820-ல் வந்தார்கள். பின்னால் உடுவிலில் குடியேறினார்கள். நடுவில் ஒரே ஒரு தரம் தாய்நாடு போனார்கள். போனவர்கள் அங்கேயே இருந்துவிடவில்லை, திரும்பி வந்தார்கள். அவர் 1873-ல் இறந்தார். அந்த அம்மா 1874-ல். கல்யாணமாகி வந்த இளஞ்சோடி, கிழவனும் கிழவியுமாக அதே மண்ணில் முடிந்தது. 53 வருஷம்! ‘மூத்த தம்பதி ஊழியம்’ என்று இப்போது பெயர் வைத்துச் செய்வதை, பெயரே இல்லாமல் செய்து முடித்தவர்கள் இவர்கள்!

ஸ்போல்டிங் ஐயர் சும்மா இருக்கவில்லை. ஜான் பனியனின் மோட்சப் பயணத்தைத் தமிழாக்கினார். தமிழில் பாட்டும் கட்டினார்!

மேரி அம்மா? 1833-ல் ஹாரியட் வின்ஸ்லோ இறந்தபின் உடுவில் பெண்கள் பள்ளிக்கூடத்தைத் தோளில் சுமந்தவர் அவர்தான். மிஷன் பதிவேட்டில் ‘ஊழியர்’ என்று கணவன் பெயர். பள்ளிக்கூடத்தை நடத்தி நின்றது மனைவி. எங்களைக் கேட்டால் முழு மதிப்பெண் அந்த அம்மாவுக்குத்தான்!

அந்த உடுவில் பள்ளிக்கூடம் 1824-ல் தொடங்கியது. பெண்பிள்ளைகளுக்கு விடுதியோடு பள்ளிக்கூடம்! பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊரே கேட்ட காலம். 2024-ல் அதற்கு 200 வயது!

அங்கே 1840-ல் வந்தவர் எலைசா அக்னியூ. கல்யாணமே செய்துகொள்ளாதவர். நியூயார்க்கில் சிறு பிள்ளையாக இருந்தபோது பூகோள வகுப்பிலேயே ஊழியத்துக்குப் போவதென்று முடிவெடுத்துவிட்டாராம். 1883-ல் மானிப்பாயில் இறக்கும்வரை 43 வருஷம் ஒரு நாள்கூட ஊருக்குப் போகவில்லை. பிள்ளை பெறாத அவருக்கு ஊர் வைத்த பட்டம் ‘ஆயிரம் மகள்களின் தாய்’. படித்த பெண்கள் உண்மையிலேயே 1,000-க்கு மேல்!

இப்போது ஒரு குண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்தில் இறங்கியிருக்கிறீர்களா? அது ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் பெயரில் உள்ளது. அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்தவர். அவர் தம்பி ஆலன் டல்லஸ், சி.ஐ.ஏ.வின் தலைவராக இருந்தவர். இருவருடைய அப்பாவைப் பெற்ற பாட்டி பிறந்தது எங்கே? யாழ்ப்பாணத்தில்! உடுவில் பள்ளிக்கூடத்தை உருவாக்கிய வின்ஸ்லோ தம்பதியின் மகள் அவர். சி.ஐ.ஏ.வுக்கும் உடுவிலுக்கும் உறவு! எப்படிப் பிடித்தோம் பார்த்தீர்களா?

அதே மைரன் வின்ஸ்லோதான் 1862-ல் தமிழ் அகராதி போட்டவர். உள்ளே இருக்கும் சொற்கள் 67,000-க்கும் மேல்!

நியூயார்க்கில் டாக்டர் ஜான் ஸ்கடர் ஒரு நோயாளியைப் பார்க்கப் போனார். அந்த வீட்டில் ஒரு சின்னப் புத்தகம் கிடந்தது. புரட்டினார். தொழிலை விட்டார். மனைவி ஹாரியட்டோடு கப்பல் ஏறினார். வந்து சேர்ந்த இடம் பண்டத்தரிப்பு. பிள்ளைகளில் ஏழு ஆண்கள் மிஷனரிகள்! நான்கு தலைமுறையில் அந்தக் குடும்பம் ஊழியத்தில் கழித்த காலத்தைக் கூட்டினால் வருவது 1,100 வருஷத்துக்கு மேல்!

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அவருடைய பேத்தி. 1900-ல் தொடங்கியபோது கட்டில் எத்தனை? ஒன்றே ஒன்று!

1820-ல் யாழ்ப்பாணத்துக்கு ஓர் அமெரிக்க அச்சுக்காரர் வந்து இறங்கினார். பெயர் ஜேம்ஸ் கேரட். அச்சு இயந்திரம் தயார், எழுத்து தயார், ஆள் தயார். ஆங்கிலேய ஆளுநர் பார்ன்ஸ் என்ன சொன்னார் தெரியுமா? “நாட்டைவிட்டு வெளியே போ!”

இந்த அமெரிக்க மிஷன் நடத்திய வட்டுக்கோட்டைச் செமினரிப் பையன்களின் பெயர்களைக் கேட்டால் சிரிப்பு வரும். கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை! படிப்புச் செலவுக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயர்களைப் பையன்களுக்குச் சூட்டியதால் வந்த வினை இது!

அதே கறல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள். சென்னையில் முதல் இரண்டு இடமும் யாழ்ப்பாணத்துக்கு!

டாக்டர் சாமுவேல் கிறீன் 1847-ல் யாழ்ப்பாணம் வந்தார். ஆங்கிலத்தில் மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். பிறகு யோசித்தார். தமிழ் ஊரில் வைத்தியம் பார்க்கப் போகிறவனுக்கு இங்கிலீஷ் எதற்கு? 1864-ல் தமிழுக்கே மாற்றிவிட்டார்! இரணவைத்தியம் தமிழில். வேதியியல் தமிழில், ‘கெமிஸ்தம்’ என்ற பெயரில். பயின்று வெளியே வந்த வைத்தியர்கள் 60-க்கும் மேல். இன்னொரு பிடிவாதம்: மாணவர்கள் கோட்டு, சூட்டுக்கு மாறக் கூடாது, ஊர் உடையிலேயே இருக்க வேண்டும்! அவர் வைத்தது 160 வருஷத்துக்கு முந்திய தமிழ்வழி மருத்துவக் கல்வி. நாம் இன்னும் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கிறோம்!

அவரும் கடைசியில் தம்பதி ஊழியர்தான். முதல் தடவை வந்தபோது பிரம்மச்சாரி. 1862-ல் மணம் முடித்து மனைவி மார்கரெட்டையும் அழைத்துக்கொண்டு திரும்பி வந்தார்!

சைவம் வளர்த்த ஆறுமுக நாவலர் தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பில் உழைத்தவர்! பீட்டர் பேர்சிவல் ஐயரோடு. பைபிளை வரி வரியாகக் கற்றதால்தான் பிற்காலத்தில் மிஷனரிகளை வரி வரியாக மறுத்து எழுத முடிந்தது!

அதே நாவலர் 1872-ல் ஒரு வேண்டுகோள் வெளியிட்டார். மன்னார்க் கரையில் இடிந்து மண்மூடிக் கிடந்த திருக்கேதீச்சரத்தை மறுபடி கட்டுங்கள் என்று. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். ஈழத்தில் பாடல் பெற்ற தலங்கள் மொத்தமே 2. அதில் இது ஒன்று!

மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரியில் யாழ்ப்பாணத்திலிருந்து படகு ஏறினார். ஜனவரி 26-ல் பாம்பனில் இறங்கினார். கடல் எந்தச் சமயத்துக்கும் வரி கேட்டதில்லை!

மன்னார் வளைகுடாவின் மறுகரைக்கு ஒரு தாவு தாவுவோம். திருநெல்வேலிச் சீமை, இடையன்குடி. தேரிக்காட்டு ஓரத்துக் கிராமம். 1841-ல் ராபர்ட் கால்டுவெல் சென்னையிலிருந்து எப்படி வந்தார் தெரியுமா? நடந்தே!

மூன்று வருஷம் கழித்துக் கல்யாணம். மணப்பெண் எலைசா மால்ட். நாகர்கோவிலில் மிஷனரிக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர். தமிழை ஆராய்ந்து உலகப்புகழ் பெற்றவர் கணவர். ஊர்ப் பெண்களோடு ஊர்ப் பெண்ணாகவே சரளமாகத் தமிழ் பேசியவர் மனைவி. வீட்டில் யார் யாரைத் திருத்தியிருப்பார்கள்? நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்!

எலைசா இடையன்குடிப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். பனங்காட்டு ஊர் விரல்கள் பின்னிய லேஸ் கடல் கடந்து விலைபோனது!

இடையன்குடி திரித்துவ ஆலயத்தைக் கட்ட கால்டுவெல்லுக்கு எவ்வளவு காலம் ஆனது? 1847-ல் தொடங்கி 1880 வரை. 33 வருஷம்! ‘திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்’ அதற்கு நடுவே, 1856-ல். புத்தகம் முந்திக்கொண்டது, கோயில் பிந்திக்கொண்டது!

1891-ல் கொடைக்கானலில் இறந்த கால்டுவெல்லை இடையன்குடிக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். 1899-ல் எலைசாவும் அங்கேயே வந்து சேர்ந்தார்!

பக்கத்திலேயே டோனாவூர். ஏமி கார்மைக்கேல் 1895-ல் இந்தியா வந்தார். 1951-ல் இறந்தார். 55 வருஷம். ஒரு நாள் விடுமுறைக்குக்கூட அயர்லாந்து பக்கம் எட்டிப் பார்க்கவில்லை!

இனி மார்மன்கள். இவர்கள் தமிழ் மண்ணில் நேற்று முளைத்தவர்கள் என்றா நினைத்தீர்கள்?

1830 ஏப்ரல் 6. நியூயார்க் மாகாணத்தில் சபையை முறைப்படி அமைத்தவர்கள் 6 பேர். இன்று உறுப்பினர் தொகை 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேல்!

1852 ஆகஸ்டில் சால்ட் லேக் நகரத்தில் ஒரே கூட்டத்தில் பெயர் வாசித்தார்கள். 9 பேர் இந்தியாவுக்கு, 4 பேர் சயாமுக்கு. முன்கூட்டித் தகவல்? பெரும்பாலும் இல்லை. பெயர் வந்தால் கிளம்ப வேண்டியதுதான்!

அந்தக் கூட்டத்தில் பெயர் வந்த ரிச்சர்டு பாலன்டைன், ராபர்ட் ஸ்கெல்டன் இருவரும் 1853-ல் வந்து இறங்கிய ஊர் மதராஸ்! ஆம், நம் சென்னை. ஒரு பத்திரிகைகூட நடத்திப் பார்த்தார்கள்!

பாலன்டைன் யார் தெரியுமா? மார்மன் சபையின் ஞாயிறு பள்ளியை 1849-ல் தொடங்கிய ஆள்!

சயாமுக்கு என்று புறப்பட்டவர்களில் இருவர் சாவன்சி வெஸ்ட், பெஞ்சமின் டூயி. 1853-ல் அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் சயாம் இல்லை. இலங்கை! கையில் காசு கிடையாது. யாராவது சோறு போட்டால் சாப்பாடு. வரவேற்பு? கதவுகள் பட் பட்டென்று சாத்தப்பட்டன. அப்படியே பம்பாய் பக்கம் போய்விட்டார்கள்!

அவர்கள் பட்ட கஷ்டத்தில் இதையும் சேருங்கள். மார்மன்களுக்குக் காப்பி விலக்கு! அந்நாளைய இலங்கையோ மலைமலையாகக் காப்பித் தோட்டம்!

காப்பித் தோட்டம் நோயில் அழிந்து தேயிலை வந்ததே, அப்போதாவது விடிவு வந்ததா? இல்லை! தேநீரும் விலக்குத்தான். 1833-லேயே வந்த அறிவுரை. சாராயம் இல்லை, புகையிலை இல்லை, காப்பி இல்லை, தேநீர் இல்லை. இலங்கையில் எந்த வீட்டு வாசலில் ஏறினாலும் முதலில் நீட்டுவது பிளேன்டீ. வேண்டாம் என்றால் வீட்டுக்காரருக்கு முகம் சுண்டிப்போகும். அந்த ஊரில் போய் ஊழியம் செய்வதென்றால் அதுவே பாதித் தவம்!

நல்லவேளை, மூலிகைத் தேநீருக்குத் தடை இல்லை. மல்லித்தண்ணி குடிக்கலாம்!

பனங்காட்டு மன்னாரில் கள்ளும் கிடையாது அவர்களுக்கு. கூழுக்கும் ஒடியலுக்கும் தடையில்லை. பாவம், தப்பித்தார்கள்!

1977-ல் சமோவாத் தீவில் இந்தியத் தம்பதி ஒன்று மார்மன் சபையில் சேர்ந்தது. எட்வின் தர்மராஜு, எல்சி தர்மராஜு. அவர் பூச்சிகளை ஆராயும் விஞ்ஞானி! 1978 டிசம்பரில் இருவரையும் ஊழியத்துக்கு அனுப்பினார்கள். எங்கே? சொந்த ஊரான ஹைதராபாத்துக்கே! ஞானஸ்நானம் பெற்றவர்கள் யார்? அவர்களுடைய சொந்தக்காரர்கள். சுமார் 20 பேர்!

அதைவிடச் சுவை, எல்சியின் தந்தை பாப்டிஸ்ட் சபையின் போதகர். சபையின் மறைநூலான மார்மன் நூலைத் தெலுங்கில் மொழிபெயர்த்தவர் அவரேதான்!

தமிழ்நாட்டு மார்மன் வரலாறு மறுபடி தொடங்கும் ஊர் கோயம்புத்தூர். எஸ். பால் திருத்துவதாஸ் 1965-ல் ஞானஸ்நானம் பெற்றார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடங்கள் நடத்தினார். சால்ட் லேக்கில் பெரிய பதவியில் இருந்தவர்களே அவரைத் தேடிக் கோவைக்கு வந்தார்கள்!

மார்மன் நூலின் தேர்ந்த பகுதிகள் தமிழில் வந்த வருஷம் 1982!

பெங்களூரில் ஒரு மார்மன் ஆலயம் கட்டப்போவதாக 2018-ல் அறிவித்தார்கள். இந்தியாவிலேயே முதலாவது!

‘மார்மன்’ என்று கூப்பிட்டால் இப்போது அவர்களுக்கே பிடிக்காது. 2018-ல் சபைத் தலைவரே கேட்டுக்கொண்டார், முழுப்பெயர் சொல்லுங்கள் என்று. முழுப்பெயர் இதோ: பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. மூச்சு விட்டுக்கொள்ளுங்கள்!

18 வயதுப் பையன் வெள்ளைச் சட்டை, டை கட்டி வந்து நிற்பான். அவனுக்கும் பட்டம் ‘எல்டர்’! பையன்களுக்கு 24 மாத ஊழியம், பெண்களுக்கு 18 மாதம். தனியாக எங்கும் போகக் கூடாது. எப்போதும் இன்னொருவர் கூடவே!

மூத்த தம்பதிகளுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. கூட இருக்க வேண்டிய ஆள் பெண்சாதியேதான்! 2011-லிருந்து 6, 12, 18, 23 மாதம் என்று வசதிக்கு ஏற்றபடி தேர்ந்துகொள்ளலாம். வீடு வீடாகக் கதவைத் தட்ட வேண்டிய கட்டாயமும் கிடையாது!

பின்னே என்னதான் செய்வார்கள்? சக்கர நாற்காலி கொடுக்கும் வேலை, குடிதண்ணீர்த் திட்டம், பிறந்தவுடன் மூச்சுவிடாத குழந்தையைக் காப்பாற்றத் தாதிகளுக்குப் பயிற்சி ஏற்பாடு, சின்னச் சபைகளுக்குக் கணக்கெழுதும் உதவி. ஓய்வுபெற்ற வாத்தியார், ஓய்வுபெற்ற நர்ஸ், ஓய்வுபெற்ற விவசாயி எல்லோருக்கும் அங்கே வேலை இருக்கிறது. பென்ஷன் வாங்கியபின் முழுநேர வேலை, சம்பளமில்லாமல்!

இன்னொரு வேலையும் உண்டு. பழைய பதிவேடுகளைப் படம் எடுப்பது! யார் யாருக்குப் பிறந்தார், யாரை மணந்தார் என்று உலகம் முழுக்கத் தேடுவது இவர்களுக்கு மதக் கடமை. சால்ட் லேக் பக்கத்து மலையைக் குடைந்து, உள்ளே வைத்திருக்கும் மைக்ரோஃபிலிம் சுருள்கள் 24 லட்சம்!

அந்தத் தேடலில் ஹரித்துவாரில் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்த இந்துக் குடும்பப் பதிவுகளும் சிக்கின. கொழும்பு ஒல்லாந்தத் திருச்சபைப் பதிவேடுகளும் சிக்கின. அவை தொடங்கும் வருஷம் 1677! இலங்கைப் பறங்கியர் தங்கள் பாட்டனாரைத் தேட இன்று அமெரிக்காவின் உட்டா மாநிலத்துச் சேகரிப்பைத்தான் புரட்டுகிறார்கள்!

மறுபடி மன்னாருக்குள் வாருங்கள், விட்டுப்போனவை சில!

ஒல்லாந்தப் போதகர் பால்தேயுஸ் 1658 முதல் யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளைச் சுற்றினார். 1672-ல் ஆம்ஸ்டர்டாமில் அவர் புத்தகம் வெளிவந்தது. உள்ளே தமிழ் எழுத்துகள்! ஆம்ஸ்டர்டாமில்! 350 வருஷத்துக்கு முன்பு!

பள்ளிமுனையில் ஒரு பெருக்க மரம். சொந்த ஊர் ஆப்பிரிக்கா. 1477-ல் அரபு வணிகர் நட்டதாகச் சொல்கிறார்கள். உயரம் சுமார் ஏழரை மீட்டர். சுற்றளவு 19.5 மீட்டர். உயரத்தைப்போலச் சுற்றளவு இரண்டரை மடங்குக்கு மேல்! சவேரியார் அனுப்பிய குருவானவர் வந்தபோதே அதற்கு 67 வயது!

மன்னார் டவுனில் கழுதைக்கு வழிவிட்டுத்தான் வாகனம் போகும். அவையும் அரபு வணிகரோடு கப்பலில் வந்தவை என்கிறார்கள். மன்னாரில் கடல் தாண்டி வராதது என்ன இருக்கிறது!

1914-ல் சென்னை எழும்பூரில் ஒரு டிக்கெட் எடுத்தால் போதும். தனுஷ்கோடிவரை ரயில், தலைமன்னார்வரை கப்பல், கொழும்புவரை மறுபடி ரயில். பெயர் போட் மெயில். மிஷனரிகளும் தோட்டத் தொழிலாளிகளும் வட்டிக்கடைச் செட்டியார்களும் ஒரே கப்பலில்! 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி போனது. தலைமன்னார் தண்டவாளத்தைப் போர் விழுங்கியது. 2015 மார்ச்சில் தலைமன்னாருக்கு ரயில் திரும்பிவிட்டது. கப்பல்தான் இன்னும் பாக்கி!

மன்னார் மறைமாவட்டம் பிறந்தது 1981-ல். 1544-ன் அந்த மீன்பிடிக் கிராமத்துக்குத் தனி ஆயர் கிடைக்க ஆன காலம் 437 வருஷம்!

வாசகர்களே, உங்களுக்கு ஒரு வேலை. மன்னாரோ மானிப்பாயோ, இடையன்குடியோ உடுவிலோ, உங்கள் ஊர்ப் பழைய ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். புருஷன் பெயரும் பெண்சாதி பெயரும் சேர்ந்து வெட்டிய வெளிநாட்டுக் கல் ஏதாவது இருக்கும். பாசியைத் துடைத்து, வருஷத்தைப் படித்து, எங்களுக்கு ஒரு கார்டு போடுங்கள். மனைவி பெயர் மட்டும் அழிந்து போயிருந்தால், அதைக் கண்டுபிடித்து எழுதுகிறவர்களுக்கு அடுத்த இதழில் முதல் இடம்!